வீட்டில் கிட்டார் ஆம்ப்: அறிகுறி பார்த்துக் குறை நீக்கும் வழிமுறை

வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவருக்கு ஒலி மனத்துக்கு ஒப்பவில்லை என்றால், பழி முதலில் ஆம்பின் மீதுதான் விழுகிறது. ஆனால் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து, அதாவது கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் உறுப்பிலிருந்து, காதை எட்டும் வரை அந்தச் சிக்னல் கேபிள், ஆம்ப், ஸ்பீக்கர், அறை என்று பல இடங்களைக் கடந்து வருகிறது. ஒலிப்பதிவு செய்பவருக்கு மைக், சிக்னலைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ், கணினி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. குறை எங்கே இருக்கிறது என்று அறியாமல் ஆம்பை மாற்றினால், செலவு செய்த பிறகும் அதே இரைச்சலும் அதே மந்தமும் தொடரக்கூடும். ஆகவே இந்த வழிமுறை அறிகுறியிலிருந்து தொடங்குகிறது. காதில் விழுவது என்ன, அதற்குக் காரணம் எதுவாக இருக்கலாம், கையில் இருப்பதைக் கொண்டே சரிசெய்ய இயலுமா, இயலாவிட்டால் அடுத்து வாங்கும் ஆம்பில் எதைப் பார்க்க வேண்டும் என்ற போக்கில் ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கான ஆம்பை அதன் உச்ச ஒலியளவை வைத்து மதிப்பிடக் கூடாது. நம் வீட்டில், நாம் வாசிக்கும் நேரத்தில், எவ்வளவு சத்தம் வைத்துக்கொள்ள முடியுமோ அந்த அளவில் அது எப்படி ஒலிக்கிறது என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே வரும் குறைகளில் பல, இதைக் கவனிக்காமல் வாங்கியதால் நேர்பவை.

தொடங்கும் முன்

எந்தக் குறையைத் தேடுவதானாலும் இணைப்பை மிக எளிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பெடல்கள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கிட்டாரிலிருந்து ஒரே கேபிளில் நேராக ஆம்புக்குச் செல்லுங்கள். ரிவெர்ப் முதலிய எஃபெக்ட்களை அணைத்து, பேஸ், மிட், ட்ரெபிள் குமிழ்களை நடுவில் நிறுத்தி, உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதைத் தீர்மானிக்கும் கெயினைக் குறைத்து, கிட்டாரின் வால்யூமையும் டோனையும் முழுவதுமாகத் திறந்து வையுங்கள். இந்த நிலையில் குறை மறைந்துவிட்டால், விலக்கியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கையில் அது தானே வெளிப்படும்.

பாதுகாப்பு குறித்து மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்க இடமில்லை. டியூப் ஆம்பின், அதாவது வெற்றிடக் குழாய்களைக் கொண்டு சிக்னலைப் பெருக்கும் ஆம்பின், உள்ளே இருக்கும் கபாசிட்டர்கள், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பயிற்சி பெறாதவர் அதைத் திறக்கவே கூடாது. டியூப் ஆம்பை ஸ்பீக்கரோ, ஸ்பீக்கருக்குப் பதிலாக அதன் மின்திறனை ஏற்றுக்கொள்ளும் லோட் பாக்ஸோ இணைக்காமல் இயக்கினால் அதன் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். இரைச்சலைப் போக்குவதற்காக மின் பிளக்கின் எர்த் முனையை அகற்றுவது உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் ஆம்பில் பழுது ஏற்பட்டால் மின்சாரம் கிட்டாரின் கம்பிகள் வழியாக வாசிப்பவரின் உடலில் பாயும்.

அறிகுறி: வால்யூமைச் சற்றே திருப்பினாலும் வீடு அதிர்கிறது, குறைத்தால் ஒலியில் உயிர் இல்லை

வீட்டில் வாசிப்பவர்களிடம் மிக அதிகமாகக் கேட்கும் குறை இதுதான். எனவே இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

வாட் எண்ணிக்கையும் காதில் கேட்கும் சத்தமும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. வாட் இரு மடங்கானால் ஒலியளவு 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடுகிறது. காதுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு சத்தமாகத் தோன்றும். அதாவது 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்பைப் போல இரு மடங்கு சத்தம்தான் தரும். 'பெரிய ஆம்ப் வீட்டுக்கு ஆகாது, 5 வாட் வாங்கினால் போதும்' என்ற அறிவுரை பலருக்கு ஏமாற்றத்தில் முடிவதற்குக் காரணம் இந்தக் கணக்கே.

இன்னொரு பக்கமும் உண்டு. கிட்டார் ஸ்பீக்கர்கள் மிகுந்த திறன் கொண்டவை. 12 அங்குல ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு, 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் 97 முதல் 100 டெசிபல் வரை ஒலியளவு கிடைக்கும். இயல்பான உரையாடல் சுமார் 60 டெசிபல். அந்த ஸ்பீக்கரிலிருந்து, உரையாடலைவிடச் சற்று உரத்த 70 டெசிபல் அளவு ஒலியைப் பெற 2 மில்லிவாட் போதும். ஒரு வாட்டில் ஐந்நூற்றில் ஒரு பங்கு அது. மறுபுறம் 97 டெசிபல் என்பது, அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பின்படி, ஒரு நாளில் அரை மணி நேரம் மட்டுமே கேட்கத்தக்க அளவு. ஒரு வாட் டியூப் ஆம்ப் கூடச் சிறிய அறைக்கு அதிகம் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

இப்போது குறைக்கு வருவோம். டியூப் ஆம்பின் இனிமை என்று பலரும் விரும்புவது, பவர் டியூப்களும் ஸ்பீக்கரும் தம் எல்லையை நெருங்கும்போது எழும் ஒலி. கெயினிலிருந்து தனியாக இறுதிச் சத்தத்தை மட்டும் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூம் இல்லாத ஆம்பில் அந்த எல்லையை எட்ட வேண்டுமானால் சத்தத்தையும் ஏற்றியே ஆக வேண்டும். ஆகவே இங்கே பழுது என்று எதுவும் இல்லை. ஆம்ப் நன்றாகப் பேசும் ஒலியளவும் வீடு தாங்கும் ஒலியளவும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

கையில் இருக்கும் ஆம்பிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. மாஸ்டர் வால்யூம் இருந்தால் அதைத் தாழ்த்தி, கெயினை ஏற்றிப் பாருங்கள். பவர் டியூப்களுக்கு முன்னால் இருக்கும் முன்நிலை டியூப்களின் டிஸ்டார்ஷன், அதாவது ராக் இசையில் கேட்கும் கரகரத்த ஒலி, குறைந்த சத்தத்திலும் கிடைக்கும். ஆம்பின் பின்புறம் எஃபெக்ட்ஸ் லூப் (முன்நிலைக்கும் பவர் பகுதிக்கும் இடையே பெடல்களைச் செருகும் துளைகள்) இருந்தால், அதில் ஒரு வால்யூம் பெடலையோ வால்யூம் குமிழ் மட்டுமே உள்ள சிறு பெட்டியையோ செருகலாம். குமிழைத் தொட்டவுடன் சத்தம் திடீரென்று ஏறும் ஆம்புகளில் இது நுணுக்கமான கட்டுப்பாட்டைத் தருவதால், விலை உயர்ந்த தீர்வுகளுக்கு முன் இதை முயன்று பார்க்கலாம். அதற்கும் அடுத்த நிலை, ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே வைத்து ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்திறனைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர். அதன் இம்பீடன்ஸ் (ஓமில் குறிக்கும் மின்தடை அளவு) ஆம்பின் அவுட்புட்டோடு பொருந்த வேண்டும். ஆம்பின் வாட்டைத் தாங்கும் திறனும் வேண்டும். இணைப்பதற்குக் கிட்டார் கேபிளை அல்லாமல் ஸ்பீக்கர் கேபிளையே பயன்படுத்த வேண்டும். அட்டென்யுவேட்டர் வைத்தாலும் ஸ்பீக்கர் தன் எல்லையை நெருங்கும்போது தரும் இறுக்கம் கிடைக்காது, ஏனென்றால் அதற்குச் செல்லும் மின்திறனே மிகவும் குறைந்துவிடுகிறது. சிறிதளவு குறைப்பதற்கு அது மிக நன்று. மேடைச் சத்தத்தை முணுமுணுப்பாக்க அதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இவை போதவில்லை என்றால் மாற்றுவதே முறை. மாற்றும்போது வாட் எண்ணிக்கையைவிட, அந்த எண்ணிக்கையை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதைப் பாருங்கள். மார்ஷல் டிஎஸ்எல்1 என்ற டியூப் ஆம்பில் 1 வாட்டிலிருந்து 0.1 வாட்டுக்கு இறங்கும் வசதி உள்ளது. மேலே சொன்ன கணக்கின்படி அது சத்தத்தை ஏறத்தாழ பாதியாக்கும். அப்போதும் அது படுக்கையறைக்கான மெல்லிய ஒலி ஆகிவிடாது. பாஸ் கட்டானா 50 போன்ற ட்ரான்சிஸ்டர் ஆம்புகளில் 0.5 வாட் நிலையும் மாஸ்டர் வால்யூமும் சேர்ந்து இருப்பதால் இன்னும் கீழே இறங்க முடிகிறது. மேசை மீது வைத்து வாசிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்ட யமஹா டிஹெச்ஆர் வரிசை, பெரிய ஸ்பீக்கரைக் கைவிட்டு, குறைந்த சத்தத்தில் முழுமையாக ஒலிப்பதையே முதல் நோக்கமாகக் கொண்டது. இரவில் வாசிப்பதே வழக்கம் என்றால் நான் தயங்காமல் இந்தக் கடைசி வகையைப் பரிந்துரைப்பேன். டியூப் ஆம்ப் மீது உள்ள மதிப்பு நியாயமானதே. ஆனால் அதைத் திறந்து வாசிக்க இடம் இல்லாதவருக்கு அந்த மதிப்பால் பயன் ஒன்றும் இல்லை.

அறிகுறி: சத்தம் குறைந்தவுடன் ஒலி மெலிந்துபோகிறது, நேற்று அமைத்த டோன் இன்று வேறாகக் கேட்கிறது

முந்தைய குறையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே காரணம் நம் காதிலேயே இருக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் காட்டியபடி, ஒலியளவு குறையும்போது தாழ்ந்த சுரங்களையும் மிக உயர்ந்த சுரங்களையும் மனிதக் காது நடுப்பகுதியைவிடக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே உரத்து வாசிக்கும்போது சரியாக அமைத்த பேஸ், ட்ரெபிள் அளவுகள் மெல்ல வாசிக்கும்போது போதாமல் தோன்றும். மெல்ல வாசித்து அமைத்தவை உரத்த சத்தத்தில் பேஸ் மிகுந்து காதைக் குத்தும்.

தீர்வு எளிது: எந்த ஒலியளவில் வாசிக்கப்போகிறீர்களோ அந்த ஒலியளவிலேயே டோனை அமையுங்கள். பல ஆம்புகளின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலிங் ஆம்பாக இருந்தால் மெல்லிய சத்தத்துக்கு ஒன்றும் உரத்த சத்தத்துக்கு ஒன்றுமாக இரண்டு ப்ரீசெட்களைச் சேமித்து வையுங்கள். ஒலிப்பதிவுக்கு அமைக்கும்போது ஒரு கூடுதல் கவனம் தேவை. மெல்லக் கேட்டுக்கொண்டே பேஸை ஏற்றிப் பதிவு செய்தால், பின்னர் பிற வாத்தியங்களோடு சேர்த்து உரக்கக் கேட்கும்போது கிட்டார் பேஸ் கிட்டாரின் இடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

அறிகுறி: வாசிக்காதபோதும் உறுமலோ இரைச்சலோ கேட்கிறது

இரைச்சல் என்று பொதுவாகச் சொல்வதில் குறைந்தது நான்கு வகை கலந்திருக்கும். ஒவ்வொன்றின் காரணமும் வேறு. கீழே உள்ள சோதனைகளை இதே வரிசையில் செய்தால், பெரும்பாலும் சில நிமிடங்களில் இடம் தெரிந்துவிடும்.

முதலில் கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால், அது பிக்கப் வழியாக வருகிறது. சிங்கிள் காயில் பிக்கப், சுற்றியுள்ள மின் சாதனங்களின் காந்தப்புலத்தை ஆண்டெனாவாக நின்று பிடிக்கும். அதனால் மின்வழங்கலின் அதிர்வெண்ணான 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலும் அதன் மடங்குகளும் எழும். கிட்டாரைப் பிடித்தபடி மெல்லச் சுழன்று திரும்புங்கள். ஏதோ ஒரு திசையில் உறுமல் வெகுவாகக் குறையும். ஒலிப்பதிவின்போது அந்தத் திசையிலேயே அமருங்கள். ஆம்பின் ட்ரான்ஸ்ஃபார்மர், மொபைல் சார்ஜர், விளக்கின் டிம்மர், கணினித் திரை ஆகியவற்றிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் விலகி அமர்வதும் பலன் தரும். ஹம்பக்கர் பிக்கப் இந்தக் குறைக்காகவே உருவானது: எதிரெதிராகச் சுற்றிய இரு காயில்கள், பிடித்த உறுமலைத் தமக்குள் அழித்துக்கொள்கின்றன. ஆம்பை மாற்றுவதால் இந்த வகை உறுமல் போகாது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்து, கம்பிகளைக் கையால் தொட்டவுடன் சலசலப்பு குறைகிறதா என்று பாருங்கள். சற்றுக் குறைவது பெரும்பாலான கிட்டார்களில் இயல்பு. நம் உடல் பிடிக்கும் இரைச்சல், கம்பிகள் வழியே எர்த் தொடர்புக்குச் சென்று அடங்குகிறது. மிகப் பெரிய வேறுபாடு தெரிந்தால், கிட்டாரின் உட்புறக் கவசமோ வீட்டின் எர்த் இணைப்போ சரியில்லாமல் இருக்கலாம். தொடும்போது கையில் சுருக்கென்று மின்சாரம் தாக்கினால் உடனே நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். அதற்கு மேல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

மூன்றாவதாக, ஆம்பிலிருந்து கேபிளையே கழற்றிவிடுங்கள். அப்போதும் உறுமல் தொடர்ந்தால் அது ஆம்பிலேயே இருக்கிறது. பழைய ஆம்பில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் கரகரத்த உறுமல் கேட்டால், பவர் சப்ளையின் ஃபில்டர் கபாசிட்டர்கள் காய்ந்துவிட்டதை அது உணர்த்தக்கூடும். அவற்றை மாற்றுவது பழுதுபார்ப்பவரின் வேலை.

நான்காவது வகை ஒலிப்பதிவு செய்பவரை வாட்டுவது: ஆம்பைக் கணினியோடு இணைக்கும் வரை அமைதி, இணைத்தவுடன் உறுமல். ஆம்பும் கணினியும் தனித்தனிப் பாதையில் எர்த்தோடு தொடர்பு கொள்வதால் உருவாகும் எர்த் லூப் இது. இரண்டையும் ஒரே மின் பலகையிலிருந்து இயக்கிப் பாருங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் காரணம் உறுதியாகிவிட்டது. நிலையான தீர்வு, இரு பக்க மின் தொடர்பையும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் அல்லது ஐசோலேட்டர் ஒன்றை ஆடியோ பாதையில் வைப்பது.

உறுமலாக இல்லாமல் 'ஸ்ஸ்' என்று கேட்கும் இரைச்சல், பெரும்பாலும் கெயின் அதிகமாக இருப்பதால் வருகிறது. பதிவில் நாம் நினைப்பதைவிடக் குறைந்த கெயினே தெளிவான, கனமான ஒலியைத் தரும். அதே பகுதியை இருமுறை வாசித்து இடமும் வலமும் வைக்கும்போது இது நன்றாகப் புலப்படும். சிக்னல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட், வாசிப்பின் இடைவெளிகளில் மட்டுமே அமைதி தரும். வாசிக்கும்போது இரைச்சல் அப்படியே இருக்கும் என்பதால் அதை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம்.

அறிகுறி: ஹெட்போனிலோ நேரடிப் பதிவிலோ டிஸ்டார்ஷன் ஈக்கூட்டம் இரைவதைப் போல் கேட்கிறது

கிட்டார் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்களையும் சமமாக ஒலிப்பதில்லை. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதன் ஒலி வேகமாகச் சரிகிறது. டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூரிய மேற்சுரங்களை அது வடிகட்டிவிடுவதால்தான் அறையில் கேட்கும்போது இனிமையாக இருக்கிறது. ஹெட்போனும் கணினி ஸ்பீக்கரும் அந்த வடிகட்டலைச் செய்வதில்லை. ஆகவே ஸ்பீக்கர் பெட்டியின் அந்த வடிகட்டலைப் போலச் செய்யும் கேபினெட் சிமுலேஷன் இல்லாத லைன் அவுட்டிலிருந்து வரும் ஒலி, ஆம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காதைக் கிழிக்கவே செய்யும்.

ஆம்பின் விவரக் குறிப்பில் ஹெட்போன் அவுட்டுக்கோ லைன் அவுட்டுக்கோ கேபினெட் சிமுலேஷன் உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், பதிவு செய்த பிறகு கணினியில் ஐஆர் எனப்படும் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு ஒன்றைப் பயன்படுத்தலாம். ஒரு ஸ்பீக்கரும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை அந்தக் கோப்பு பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு இடங்களில் சிமுலேஷன் இருந்துவிட்டால், அதாவது ஆம்பிலும் கணினியிலும் சேர்ந்தே இயங்கினால், ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதைப் போல் மந்தமாகிவிடும், ஒன்றை அணைத்துவிடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் இங்கே தேவை. ஆம்பின் ஸ்பீக்கர் அவுட்டை ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒருபோதும் நேராகச் செருகாதீர்கள். அதில் வரும் மின்னழுத்தம் இன்டர்ஃபேஸைப் பாழாக்கும்; டியூப் ஆம்பாக இருந்தால், ஸ்பீக்கர் இல்லாமல் இயங்குவதால் ஆம்பும் சேர்ந்து பாழாகும்.

அறிகுறி: கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் செருகினால் ஒலி மங்கி, வலுவற்றுக் கேட்கிறது

சாதாரண கிட்டார் பிக்கப்புக்கு 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் அளவிலான உள்ளீட்டு இம்பீடன்ஸ் வேண்டும். கிட்டார் ஆம்பின் உள்ளீடு அப்படித்தான் இருக்கும். லைன் உள்ளீடுகள் பலவற்றில் அது 10,000 ஓம் அளவிலேயே இருப்பதால், பிக்கப் திணறி, அதன் உயர்ந்த சுரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' அல்லது 'ஹை-இசட்' என்று குறித்த உள்ளீட்டையோ பொத்தானையோ தேடி இயக்குங்கள். கேபிளின் நீளமும் இதில் பங்கு வகிக்கிறது. கேபிளின் கபாசிட்டன்ஸ் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்ற அளவில் இருக்கும். நீளம் கூடக்கூட ட்ரெபிள் மங்கும். வீட்டுக்கு 3 மீட்டர் கேபிள் தாராளம்.

அளவு அமைக்கும்போது மிகப் பலமாக வாசித்துப் பார்த்து, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட் பதிவில் இதனால் இழப்பு எதுவும் இல்லை; மாறாக உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்ட டிஜிட்டல் சிக்னலைப் பின்னர் செம்மையாக்குவது கடினம்.

அறிகுறி: கம்பியை மீட்டியதற்குச் சற்றுத் தாமதித்தே ஹெட்போனில் கேட்கிறது

கணினியில் ஆம்ப் சிமுலேஷன் வைத்து வாசிப்பவரின் குறை இது. பஃபர் அளவுதான், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் (சாம்பிள்) எண்ணிக்கைதான், முதற் காரணம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் ஒரு திசையில் 2.7 மில்லிவிநாடித் தாமதம் தரும். 1,024 சாம்பிள் என்றால் 21 மில்லிவிநாடிக்கும் மேல். உள்ளே வருவதும் வெளியே போவதும் சேரும்போது இது ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒலி ஒரு மில்லிவிநாடியில் காற்றில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. ஆகவே 10 மில்லிவிநாடி என்பது மூன்றரை மீட்டர் தள்ளியிருக்கும் ஆம்பிலிருந்து கேட்பதற்குச் சமம், பெரும்பாலோருக்கு அது தொல்லை தருவதில்லை. வாசிக்கும்போது பஃபரை 64 அல்லது 128க்குக் குறையுங்கள். மிக்ஸிங் செய்யும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் தரும் ஏசியோ டிரைவரைப் பயன்படுத்துங்கள். புளூடூத் ஹெட்போன் தாமதத்தை எந்த அமைப்பாலும் போக்க முடியாது. கம்பி உள்ள ஹெட்போனே வேண்டும்.

இதில் தொடர்ந்து மல்லாடுபவர்களுக்கு, யுஎஸ்பி வழியே தானே ஆடியோ இன்டர்ஃபேஸாகச் செயல்படும் ஆம்ப் பெரிய நிம்மதி தரும். ஒலி ஆம்பிலேயே உருவாகி உடனே காதுக்கு வருவதால், கணினி அதைப் பதிவு செய்தால் போதும். தாமதம் வாசிப்பவரைத் தொடாது. அப்படிப்பட்ட ஆம்புகளில் சில, டோன் சேர்த்த சிக்னலோடு கிட்டாரின் வெறும் சிக்னலையும் தனி ட்ராக்காக அனுப்பும். இந்த வசதி இருந்தால் இரண்டையும் பதிவு செய்துவிடுங்கள். வாசிப்பு நன்றாக அமைந்து டோன் மட்டும் பிடிக்காமல் போனால், மறுபடி வாசிக்காமலேயே டோனை மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறி: அறையில் அருமையாக ஒலிக்கும் ஆம்ப், மைக் வைத்துப் பதிவு செய்தால் பெட்டிக்குள் அடைத்ததைப் போல் கேட்கிறது

நாம் நின்றபடி கேட்பதும் மைக் கேட்பதும் ஒன்றல்ல. தரையில் இருக்கும் ஆம்ப் நம் முழங்காலை நோக்கி ஒலிக்கிறது. மைக்கோ ஸ்பீக்கருக்கு ஓரிரு அங்குலம் முன்னால் நின்று கேட்கிறது. ஆம்பை நாற்காலியில் வைத்தோ பின்புறம் சாய்த்தோ, உங்கள் காதுக்கு நேராக ஒலிக்கும்படி செய்து கேளுங்கள். டோன் அமைப்பில் ட்ரெபிளை எவ்வளவு கூடுதலாக வைத்திருந்தீர்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

மைக்கை நகர்த்துவதற்கு இணையான ஈக்வலைசர் இல்லை என்பேன். 1965இல் வெளிவந்து இன்றும் கிட்டார் ஆம்புக்கு முதல் தேர்வாக இருக்கும் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கை, ஸ்பீக்கரின் நடுக்குமிழியை நேராகப் பார்க்கும்படி வைத்தால் ஒலி கூர்மையாக இருக்கும். கூம்பின் விளிம்பை நோக்கி நகர்த்த நகர்த்தத் தடித்து மென்மையாகும். குமிழியும் கூம்பும் சந்திக்கும் கோட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்திச் சிறு சிறு பதிவுகள் எடுத்து ஒப்பிடுங்கள். மைக் ஸ்பீக்கரை நெருங்கும்போது பேஸ் கூடும் என்பதால், அடைத்த ஒலி கேட்டால் சற்றுப் பின்னால் இழுங்கள். அதிகம் இழுத்தால் அறையின் எதிரொலி நுழைந்துவிடும். வெறுஞ்சுவர் கொண்ட சிறிய அறையில் அந்த எதிரொலியே பெட்டித்தன்மையின் முழுக் காரணமாகவும் இருக்கலாம். ஆம்புக்கு எதிரே கனத்த மெத்தையை நிறுத்தி வைத்துப் பதிவு செய்து பாருங்கள்.

இரண்டு மைக் வைத்திருந்தால், ஒன்றை மட்டும் வைத்து முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ஸ்பீக்கரிலிருந்து உள்ள தொலைவில் 17 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால், 1,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிட்டாரின் குரலே அந்தப் பகுதியில்தான் வாழ்கிறது. முகப்புகளை ஒரே தொலைவில் நிறுத்துங்கள், அல்லது ஒரு மைக்கோடு நிறைவு கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட சுரம் மட்டும் குமுறுகிறது, அடுத்த அறையில் இருப்பவர்கள் பேஸைப் பற்றியே குறை சொல்கிறார்கள்

அறையின் நீளமும் அகலமும் சில அதிர்வெண்களைத் தூக்கிவிடும். உதாரணமாக 3.1 மீட்டர் அகலமுள்ள அறையில் 110 ஹெர்ட்ஸ் நிலை அலையாகத் தங்கும். கிட்டாரின் ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் சுரத்தின் அதிர்வெண்ணும் அதுவே. ஆம்பை மூலையிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் இந்தக் குமுறல் பெரும்பாலும் தணியும். தரைவழி பரவும் அதிர்வுக்கு, ஆம்பின் அடியில் தடித்த ஃபோம் வைப்பது பயன் தரும். காற்றுவழி செல்லும் பேஸை அது தடுக்காது. ஆகவே பேஸ் குமிழைக் குறைப்பதும் வேண்டும். சுரத்தோடு சேர்ந்து கிணுகிணுப்பும் கேட்டால் ஆம்பைச் சந்தேகிக்கும் முன் ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கதவு, அறையில் நிற்கும் ட்ரம்மின் ஸ்னேர் கம்பி ஆகியவற்றைக் கையால் அழுத்திப் பாருங்கள்.

அறிகுறி: கரகரப்பு, இடையிடையே அறுபடும் ஒலி

கேபிளை அசைத்துப் பாருங்கள், பிறகு வேறு கேபிளை இட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் பொடென்ஷியோமீட்டரில் தூசி இருக்கிறது. அதற்கென உள்ள கான்டாக்ட் கிளீனர் போதும். டியூப் ஆம்பை மெல்லத் தட்டும்போது கணகணத்தால் முன்நிலை டியூப் ஒன்று மைக்ரோஃபோனிக் ஆகியிருக்கலாம், அதாவது அதிர்வை மைக்கைப் போல் சிக்னலாக மாற்றத் தொடங்கியிருக்கலாம்.

அறிகுறி: அக்கூஸ்டிக் கிட்டார் இந்த ஆம்பில் செயற்கையாக ஒலிக்கிறது

அக்கூஸ்டிக் கிட்டாரின் பீசோ பிக்கப்புக்கு (காந்தம் இல்லாமல் அழுத்த மாற்றத்தைச் சிக்னலாக்குவது) முழு அதிர்வெண் வீச்சு கொண்ட ஸ்பீக்கரும் மிக உயர்ந்த உள்ளீட்டு இம்பீடன்ஸும் வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாருக்கான ஆம்ப் அதற்கு நேர் எதிராக வடிவமைக்கப்பட்டது. ப்ரீஆம்ப் பெடல் வைத்து ஆடியோ இன்டர்ஃபேஸில் நேராகப் பதிவு செய்வதே மேல்.

அறிகுறி: எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் ஆம்பே பொருந்தவில்லை

இப்போது வாங்கச் செல்லலாம். கடையில் ஆம்பை உரக்கத் திறந்து காட்டினால் எதுவும் நன்றாகவே ஒலிக்கும். ஆகவே அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் சொந்தக் கிட்டாரை எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் ஒருவரைச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லி, அவர் பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஆம்பைத் தாழ்த்தி, அந்தச் சத்தத்திலேயே தூய ஒலியையும் டிஸ்டார்ஷனையும் மாறி மாறி வாசியுங்கள். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் டிஸ்டார்ஷன் படிப்படியாகத் தெளிகிறதா, மெல்லத் தொட்டதற்கும் பலமாக அடித்ததற்கும் வேறுபாடு காட்டுகிறதா, வால்யூம் குமிழின் முதல் கால்வட்டத்தில் நுணுக்கமாக ஏற்ற இறக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு நீங்கள் வீட்டில் பயன்படுத்தும் அதே ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். பதிவு உங்கள் நோக்கமென்றால் யுஎஸ்பி கேபிளையும் மடிக்கணினியையும் கொண்டுபோய் அங்கேயே ஒரு நிமிடம் பதிவு செய்து, அந்தக் கோப்பை வீட்டுக்கு எடுத்து வந்து, வழக்கமாகப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரில் மறுநாள் கேட்ட பிறகு முடிவெடுங்கள்.